தண்ணீருக்கு முன்னால்

காலால் கல்லைக் கிளறுவதற்கு முன்பே வலை நிறைந்துவிட்டது.

முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி அவள் வலையைத் தூக்கிப் பார்த்தாள். வழக்கமாக மூன்று நிமிடம் கற்களைப் புரட்டி, மணலை உதைத்துக் கலக்கினால்தான் நாற்பது ஐம்பது பூச்சிகள் அடித்துக்கொண்டு வந்து வலையில் சேரும். இன்று வைத்த கையோடு ஒரு பிடி சேர்ந்திருந்தது. கரைக்கு வந்து வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். என்ன வெள்ளம் வந்தாலும் கல்லை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் தட்டைப் பூச்சிகள், மணலை ஒட்டிக் கூடு செய்து அதற்குள்ளேயே குடியிருக்கும் புழுக்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கால்கள் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

"என்ன மேடம், இன்னைக்கு நல்ல வேட்டையா?" என்றார் ஜீப் டிரைவர், கரையில் உட்கார்ந்தபடி.

"அண்ணே, இங்க வாங்க. இதப் பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "வலிப்பு வந்த மாதிரி இருக்கே?"

அவள் ஒரு பூச்சியை விரலால் புரட்டிவிட்டாள். அது மறுபடி மல்லாந்தது.

அவள் நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். மலை உச்சிக்குக் கீழே தொடங்கி நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் மதகு வரை அந்த ஆற்றில் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு இடத்திலும் வலை போட்டு, என்ன பூச்சி, எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று அவை சொல்லிவிடும். அலுவலகத்தில் அவளுக்குப் பூச்சி மேடம் என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை.

எந்த இடத்தில் யார் இருக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். மேலே ஓடை சின்னது. இரண்டு பக்கத்து மரங்களும் கை கோத்து மூடியிருப்பதால் வெயில் விழாது, பாசி பிடிக்காது. உதிர்ந்து விழும் இலைதான் எல்லோருக்கும் சாப்பாடு. அதனால் அங்கே இலையைக் கடித்துத் தின்னும் புழுக்கள் இருக்கும். ஓடைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அகலமாக, மரங்கள் விலகி வெயில் இறங்கும். கல்லில் பாசி படரும், அதைச் சுரண்டித் தின்பவை வரும். இன்னும் கீழே, கலங்கிய பெரிய ஆற்றில், மேலே இருப்பவை தின்று மிச்சம் வைத்தது தூளாக மிதந்து வரும். சேற்றில் இருந்தபடியே அதைத் தின்று பிழைக்கும் சிவப்புப் புழுக்கள் அங்கே. மேலே சிந்துவது எதுவானாலும் கீழே இருப்பவர்களின் வாய்க்குத்தான் போகும்.

இது நாலாவது இடம். ஒரு மணி நேரத்துக்கு முன் மூன்றாவது இடத்தில் எண்ணியபோது எல்லாம் சரியாக இருந்தது. கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். வெப்பம், உப்பு, தண்ணீரில் கரைந்த காற்று எல்லாமே வழக்கம்போல். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கண்ணால் பார்த்தால் ஒரு டம்ளர் மொண்டு குடிக்கத் தோன்றும்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வலது பக்கமா ஒரு ஓடை வந்து சேருதுல்ல?"

"ஆமா. பூத்தோட்டத்துப் பக்கமா வருது."

இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து மூடி, நேரம் எழுதினாள்: பத்து ஐந்து. ஈரக் காலோடு ஜீப்பில் ஏறினாள்.

ஓடையை ஒட்டிய மண் பாதையில் கால் மணி நேரம் போனதும் காரணம் தெரிந்தது. பாதை ஓடைக்குள் இறங்கி ஏறும் இடத்தில் ஒரு டிராக்டர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. பின்னால் இருந்த வண்டியிலிருந்து உருண்ட நீல நிற டிரம் ஒன்று தண்ணீரில் வாய் திறந்து கிடந்தது. கரையில் ஒரு ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு முன்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"எத்தனை மணிக்குக் கவிழ்ந்தது?"

"எட்டு, எட்டேகால் இருக்கும். மருந்து முழுசும் போயிடுச்சும்மா. நான் ஒத்தையா எப்படித் தூக்குறதுன்னு தெரியாம..."

"தண்ணி கலக்காத மருந்தா?"

"ஆமா. இருநூறு லிட்டர். மொதலாளிக்கு இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்கம்மா."

"முதல்ல உங்க உடம்பைப் பாருங்க. இந்த ஓடையில கழுவாதீங்க. டேங்க்ல வர்ற தண்ணில சோப்பு போட்டுக் குளிங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து பேரைச் சொல்லுங்க, மறைக்காதீங்க."

டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டை அவள் படம் எடுத்தாள். பூச்சிகளைக் கொல்லும் மருந்து. நீர்நிலைகளில் கலக்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. டிரைவர் டிரம்மை நிமிர்த்திக் கரையேற்றினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து அந்த ஆளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மலையில் போன் எடுக்காது. நாலு வளைவு இறங்கிய பிறகுதான் சிக்னல் வந்தது. ஜீப் நிற்பதற்குள் அவள் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், மதகை மூடச் சொல்லணும்."

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே பொறுமையோடு, "லேப் ரிப்போர்ட் இருக்கா?" என்றார்.

"தண்ணியே இப்பத்தான் பிடிச்சிருக்கேன் சார். ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும்."

"அப்ப எதை வெச்சு நகரம் முழுக்கத் தண்ணிய நிறுத்தச் சொல்றீங்க? பூச்சி துடிக்குதுன்னா? முப்பத்தெட்டு கிலோமீட்டர் வரணும். வழியில எத்தனை ஓடை சேருது! கரைஞ்சு காணாமப் போயிடும். மெயில் போடுங்க, மேல அனுப்பறேன்."

அவள் போனை மடியில் போட்டுவிட்டு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். மலையில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். அவளே பல தடவை குச்சியைப் போட்டு அளந்தது. முதல் பதினெட்டு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். பிறகு சமவெளி. அங்கே ஆறு அசைவதே தெரியாது. மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தாலும் மிச்ச இருபதுக்கு இருபது மணி நேரம். நாளைக் காலை ஒன்பதுக்கு மேல்தான் மதகை எட்டும்.

"நேரம் இருக்கு அண்ணே," என்றாள். தன் குரலை அவளே நம்பவில்லை. பேனா மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?"

"வேணாம். ஓட்டுங்க."

ஆறாவது இடத்தில் ஜீப் முழுதாக நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். வலையை வைத்ததும் மறுபடி அதே துடிக்கும் கூட்டம். மருந்து அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க, தண்ணீர் நேராகக் குதித்துக் குதித்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு நடுவே வெள்ளை நுரையாக அது தெரிந்து மறைந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நீங்க கால அழுத்தறதுல ஜீப் வேகமாப் போகாது மேடம். உங்க பக்கம் பெடல் இல்ல," என்றார் டிரைவர்.

எட்டாவது இடம் கல் பாலம். அங்கே மலை முடிந்துவிடும். ஆறு விரிந்து, வெயிலில் பச்சைப் பாசி மினுங்கும் உருண்டைக் கற்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. வலையில் எதுவும் தானாக வந்து விழவில்லை. கல்லைப் புரட்டியதும் பாசி தின்னும் பூச்சிகள் வழக்கம்போல் விலகி ஓடின.

"முந்திட்டோம்," என்றாள். மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனால் அடுத்து நினைத்தது மதகில் இருப்பவரை. மூச்சு மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

மதகையும் பம்ப் ஹவுஸையும் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அவளுடைய அக்கா புருஷன். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மதகின் வாயில் கட்டை, குப்பை வராமல் தடுக்கும் கம்பித் தடுப்பை மூன்று மாதமாகச் சுத்தம் செய்யவில்லை என்று அப்போது அவள் அறிக்கையில் ஒரு வரி எழுதினாள். அது உண்மைதான். அந்த ஒரு வரியால் அவருக்கு மெமோ வந்தது, வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அதிலிருந்து அவள் அவருக்கு விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் பன்னிரண்டாவது இடத்துக்குப் போவாள். அக்கா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, போனில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியிருந்தாள்.

இரண்டு இருபதுக்கு ஜீப் மதகில் நின்றது. ஆறு இங்கே ஏரி மாதிரி அகன்று, தேநீர் நிறத்தில், சத்தமே இல்லாமல் கிடந்தது. பம்ப் ஹவுஸ் வாசலில் ஸ்பேனரோடு நின்றவர் அவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பினார்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"இன்னைக்கு எனக்கு லீவு நாள் இல்லையே," என்றார் அவர், திரும்பாமலே.

"தெரியும். அதான் வந்தேன். மேல மருந்து டிரம் ஆத்துல கவிழ்ந்துடுச்சு. இருநூறு லிட்டர்."

அவர் திரும்பினார். அவள் படத்தைக் காட்டினாள், பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்த பூச்சிகளைக் காட்டினாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டேகால். இங்க வர நாளைக்குக் காலையில ஒன்பது ஆகும். அதுக்குள்ள மேல இருந்து உத்தரவு வாங்கிட்டா..."

"யார் சொன்னது ஒன்பது?"

"நான்தான் கணக்குப் போட்டேன். கீழ ஆறு மெதுவாத்தானே..."

"சின்னவளே," என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னதை அவர் கவனித்த மாதிரி இல்லை. "அது பாக்கத்தான் தூங்குற மாதிரி இருக்கும். மேல கல்லுல முட்டி, நின்னு, சுத்தி, ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு வருது. அதுல பாதி வேகம் சத்தமாப் போயிடுது. இங்க அதைத் தடுக்க என்ன இருக்கு? கல்லு இல்ல, ஆழம்தான். கரையோரம் சும்மா கிடக்கும், நடு ஆத்துல இழுத்துக்கிட்டுப் போகும். இரு."

அவர் மேஜையிலிருந்து தடியான பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். கல் பாலத்துக் காவலாளி, பெரிய மரக்கட்டை எதுவும் மிதந்து போனால் அவருக்குப் போன் செய்வது வழக்கம். கட்டை வந்து கம்பித் தடுப்பில் மோதும் நேரத்தையும் இவர் எழுதி வைத்திருந்தார். வரிசையாக விரல் வைத்துக் காட்டினார்.

"மழை இல்லாத நாளுங்க இது. பாலத்துல காலை எட்டு, இங்க பன்னிரண்டரை. பாலத்துல பத்தே முக்கால், இங்க மூணேகால். நாலரை மணி நேரம். எப்பவும் அவ்வளவுதான். உன் மருந்து பாலத்தை எப்ப தாண்டியிருக்கும்?"

அவள் நோட்டைப் புரட்டினாள். "ஒண்ணேகால்."

"அப்ப அஞ்சே முக்கால். முன்னாடி கொஞ்சம் பரவி வரும்ல? அஞ்சேகால்னு வெச்சுக்கோ."

இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பிசகியிருந்தாள். பதினோரு வருடம் ஆற்றின் மேல்தோலைப் பார்த்துக்கொண்டு வேகம் தெரியும் என்று நினைத்திருந்தாள். வழியில் ஒரு டீ குடித்து, மெயில் அனுப்பிவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போயிருந்தால்?

அவர் அதிகாரியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அதே பதில்தான். போனை வைத்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார்.

"மூணு பம்பையும் இப்பவே முழுசா ஓட்டறேன். நாலரைக்குள்ள மேல் தொட்டி எல்லாம் நிரம்பிடும். அப்புறம் மூடிட்டா, சிக்கனமா விட்டா நாளை மத்தியானம் வரைக்கும் ஊர் தாங்கும்."

டிரைவர் கேட்டுக்கொண்டே நின்றவர், சாவியைச் சுழற்றினார். "நான் கரையோரமாப் போய், யாரும் ஆத்துல இறங்க வேணாம், மீன் பிடிக்க வேணாம்னு சொல்லிட்டு வரேன் மேடம். ஹாரன் அடிச்சாலே பாதிப் பேர் வெளிய வந்துடுவாங்க."

பம்புகள் மூன்றும் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் தரை அதிர்ந்தது. மேஜைமேல் டம்ளர்கள் தாமாக நகர்ந்தன. அவள் மதகுக்கும் அறைக்குமாக நடந்தபடி இருந்தாள். ஆற்றைப் பார்த்தாள். அதில் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாமல் வருவதுதான் பயமாக இருந்தது.

நாலு இருபத்தைந்துக்கு அவர் மதகின் சக்கரத்தைச் சுற்றினார். கடைசிச் சில சுற்றுகளுக்கு அவளும் கை கொடுத்தாள். இரும்புக் கதவு கீழே போய் உட்கார்ந்தது. அவர் கை துடைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினார்: கம்பித் தடுப்பு சுத்தம் செய்வதற்காக மதகு மூடப்பட்டது.

"மாமா, இது பொய்."

"பொய் இல்ல. ஆளை இறக்கி நிஜமாவே சுத்தம் பண்ணிடறேன். சுத்தம் பண்ண மூடறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. யாரும் கேக்க முடியாது. உனக்கும் தலைவலி இல்ல, எனக்கும் இல்ல."

"அப்படி எழுதினா டிரம் கவிழவே இல்லைன்னு ஆயிடும். அந்த இடத்துல பாதை அப்படியேதான் இருக்கும். அடுத்த மாசம் இன்னொண்ணு கவிழும். அன்னைக்கு நான் மலையில இருப்பேனான்னு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் உண்மைய எழுதின," என்றார் அவர் மெதுவாக.

அவள் நடையை நிறுத்தினாள்.

"ஆமா, எழுதினேன். எழுதினது தப்பில்ல. ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கணும். ஆள் இல்லாம நீங்க ஒத்தையா சமாளிச்சீங்கன்னு அதுலயே சேர்த்திருக்கணும். அது தப்பு. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். வர முகம் இல்ல."

பம்புகள் நின்றுவிட்டதால் அறையில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"அடிச்சிட்டு எழுது. உன் எழுத்துல எழுது. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

அவள் எழுதினாள். டிரம், மருந்தின் பெயர், கவிழ்ந்த நேரம், பூச்சிகள், தண்ணீர் வந்து சேரும் நேரம், அது யார் கணக்கு என்பது உட்பட எல்லாம் எழுதினாள். அவர் ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலரையிலிருந்து கால் மணிக்கு ஒரு பாட்டில் என்று தண்ணீர் பிடித்தார்கள். அவள் கயிற்றில் வாளியை இறக்க, அவர் நேரம் எழுதி ஒட்டினார். ஆறு மணிவாக்கில் அவர் போன் அடித்தது.

"குழாயில நூல் மாதிரி வருது. என்ன பண்ணிட்டு இருக்கீங்க அங்க?" அக்காவின் குரல் வெளியே வரை கேட்டது.

"உன் தங்கச்சிகிட்டயே கேளு," என்று அவர் போனை நீட்டினார்.

அவள் அதை வாங்குவதற்குள், "அவ அங்கயா இருக்கா? சாப்பிட்டாளாமா?" என்றாள் அக்கா.

"அக்கா, நான்தான். இன்னும் இல்ல."

"நல்லா இருக்கு. ரெண்டு பேரும் பட்டினி கிடந்து ஊருக்குத் தண்ணிய நிறுத்தறீங்களா? இரு, வரேன்."

அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கேரியரைத் திறந்து மதகுச் சுவரின் மேல் வைத்தாள். தொண்டை கட்டிப்போய்த் திரும்பியிருந்த டிரைவருக்கும் சேர்த்துப் பரிமாறினாள். தங்கையின் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இளைச்சுட்ட," என்று மட்டும் சொன்னாள். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். கண் ஆற்றிலேயே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மூன்றாவது இடத்திலிருந்து டிரைவர் கொண்டுவந்து மதகுத் தண்ணீரில் விட்ட பூச்சிகள் மூன்று மணி நேரம் உயிரோடு இருந்ததைப் பார்த்த பிறகு, மதகைத் திறந்தார்கள். அதற்குள் அலுவலகத்துக்கு நாற்பது புகார்கள் வந்திருந்தன. உத்தரவு இல்லாமல் மூடியதற்கு இருவருக்கும் மெமோ வந்தது. "எனக்கு இது ரெண்டாவது," என்று அவர் போனில் சொன்னார். கோபமா சிரிப்பா என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

லேப் ரிப்போர்ட் ஐந்தாம் நாள் வந்தது. ஐந்தேகால் வரை பிடித்த தண்ணீரில் ஒன்றுமில்லை. ஐந்தரைக்குப் பிடித்த பாட்டிலில் மருந்து இருந்தது. ஆறேகாலுக்குப் பிடித்ததில், குடிதண்ணீருக்கு அனுமதித்த அளவைப்போல் நாலு மடங்கு. எட்டு மணிக்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு சாயங்காலம், இரண்டரை மணி நேரம், ஒரு விஷம் நகரத்தின் வாசல் வழியாக நடந்து போயிருந்தது. மெமோவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் வந்தது. பாராட்டிக் கடிதம் எதுவும் வரவில்லை. தோட்டத்து ஆள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். ஓடையின் குறுக்கே சின்னப் பாலம் கட்டும்படி தோட்டத்துக்கு நோட்டீஸ் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்த மாமா கேட்டார், "செத்துப்போன பூச்சி எல்லாம் மறுபடி வருமா?"

"வரும் மாமா. அந்த ஓடை சேர்ற இடத்துக்கு மேல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகல. அதுல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிய விட்டு, தண்ணியோட இறங்கி வந்து, காலியா இருக்கற கல்லுல ஒட்டிக்கும். மூணு மாசத்துல பாதி நிரம்பிடும். இன்னொரு டிரம் கவிழாம இருந்தா."

"நோட்டீஸ்தான் போயிருக்கே?"

"போயிருக்கு. பாலம் கட்டறாங்களான்னு யார் போய்ப் பாக்கறது?"

"அது உன் வேலை இல்லையே."

"இல்லதான்."

அக்கா அவளை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி எழுந்துகொண்டாள். வாசலுக்குப் போய் டிரைவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில உங்களுக்கு வண்டி இருக்கா?"